குமாரன் எப்போதிருந்து குமாரன்?

1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவுக்கு வெளியே ஷாம்பேல் என்ற மேட்டில் ஸ்பானிய மருத்துவரும் இறையியலாளருமான மிகேல் செர்வேட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். நெருப்பில் அவர் கடைசியாகக் கதறியதாகப் பதிவாகியிருப்பது இது: "இயேசுவே, நித்திய தேவனுடைய குமாரனே, எனக்கு இரங்கும்." கூடவே நடந்துபோன சீர்திருத்தப் போதகர் கியோம் ஃபாரேல் அவர் வாயிலிருந்து எதிர்பார்த்தது வேறு: "தேவனுடைய நித்திய குமாரனே." சொற்கள் அதே சொற்கள்தான். 'நித்திய' என்பது மட்டும் இடம் மாறி நிற்கிறது.

அந்த இடமாற்றம் வாய்தவறியது அல்ல. வார்த்தையானவர் (யோவான் நற்செய்தி கிறிஸ்துவுக்குத் தரும் பெயர்) அநாதியானவர் என்பதில் செர்வேட்டஸுக்கு மறுப்பில்லை. 'குமாரன்' என்ற பெயர் மரியாளிடத்தில் பிறந்தவருக்கே உரியது என்பது அவர் நிலை. அவருடைய குற்றப்பத்திரிகையில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததும் இருந்தது, ஆகவே ஓர் அடைமொழிக்காக மட்டும் கொன்றார்கள் என்று சொல்வது மிகை. ஆனாலும் அந்த அடைமொழி எங்கே நிற்கவேண்டும் என்ற வழக்கு அவரோடு தொடங்கவும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை.

நான்கு கேள்விகள்

இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் நான்கு கேள்விகளை ஒன்றாகப் பிசைந்துவிடுவதால் வருகிறது. பெத்லகேமுக்கு முன்பே கிறிஸ்து இருந்தாரா? இருந்தார் என்றால், ஆரம்பமில்லாத தேவனாக இருந்தாரா? அப்படியும் இருந்தார் என்றால், அப்போதே அவர் 'குமாரன்'தானா? குமாரன்தான் என்றால், அந்தக் குமாரத்துவம் பிதாவினால் நித்தியமாய் ஜநிப்பிக்கப்படுவதில், அதாவது பெறப்படுவதில், அடங்கியிருக்கிறதா?

325இல் கூடிய நைசியா திருச்சபைச் சங்கத்தின் வழிவந்த சபைகள் நான்குக்கும் ஆம் என்கின்றன. அந்தச் சங்கம் கண்டித்த அலெக்சந்திரிய மூப்பர் ஆரியு முதலாவதற்கு ஆம் என்பார், இரண்டாவதில் நின்றுவிடுவார். 'குமாரன்' என்ற பெயர் அவருக்குச் சிக்கலே அல்ல. உலகங்களுக்கு முன்பே அவர் குமாரன்தான், ஆனால் ஆரம்பமுள்ள குமாரன். மெதடிஸ்ட் வேத விளக்கவுரையாளர் ஆதாம் கிளார்க் முதல் இரண்டுக்கும் அழுத்தமாக ஆம் சொல்லி, மூன்றாவதில் இல்லை என்பார். இருபதாம் நூற்றாண்டின் சுவிசேஷகப் போதகர்கள் சிலர் மூன்று வரை ஆம் சொல்லி, நான்காவதைத் தேவையற்ற தத்துவச் சொல் என்று ஒதுக்கினார்கள். 'இயேசு மட்டும்' பெந்தெகொஸ்தேயினர் வேறு தளத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குமாரன் என்பது காலத்தில் பிறந்த மனிதத் தன்மை. அதில் வாசம்பண்ணினவர் பிதாவே.

ஆகவே ஆரியுவைப் பிடிக்க வீசும் வலையில் கிளார்க் சிக்கமாட்டார். "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்ற யோவான் 1:1ஐக் காட்டி நித்திய குமாரத்துவத்தை நிரூபித்துவிட்டதாக நினைப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். அந்த வசனம் முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில். மூன்றாவதை மறுப்பவர் அதை மனமுவந்து ஒப்புக்கொண்டு, "நான் சொல்வதும் அதுதானே, ஆதியில் இருந்தது வார்த்தை, குமாரன் அல்ல" என்று உங்கள் வசனத்தையே உங்களிடம் திருப்பித் தருவார்.

நைசியாவுக்கு முன் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை

நித்திய குமாரத்துவம் அப்போஸ்தலர் காலம்தொட்டு ஒரே வாய்ப்பாடாகச் சொல்லப்பட்டுவந்தது என்று எழுதுவது வழக்கம். அது உண்மையல்ல. அந்தியோகியாவின் தெயோப்பிலு, 180 வாக்கில், தேவனுக்குள்ளே அடங்கியிருந்த வார்த்தை என்றும் சிருஷ்டிப்புக்காக வெளியே உச்சரிக்கப்பட்ட வார்த்தை என்றும் இரண்டு படிகளாகப் பேசினார். வட ஆப்பிரிக்க எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஹெர்மோகெனேஸ் என்பவருக்கு எதிராக எழுதுகையில், பாவமும் குமாரனும் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்றே எழுதிவிட்டார்: குற்றம் வந்தபின் தேவன் நியாயாதிபதி ஆனதுபோல, குமாரன் வந்தபின் பிதா ஆனார் என்பது அவர் வாதம். திரித்துவம் என்ற சொல்லை லத்தீனில் நிலைநாட்டியவர் எழுதிய வரி இது என்பதை மறக்கக்கூடாது. அவர் ஆரியு அல்ல. குமாரன் பிதாவின் உட்பொருளிலிருந்தே வந்தவர் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்த வருகைக்கு ஒரு தொடக்கப்புள்ளி இருக்கலாம் என்று மட்டும் எண்ணினார்.

தொடக்கப்புள்ளியை எடுத்துப்போட்டவர் அலெக்சந்திரிய வேத அறிஞர் ஓரிகேன். பிரகாசமில்லாத ஒளி ஒருபோதும் இருந்ததில்லை, அதுபோல ஞானமில்லாத தேவனும் இருந்ததில்லை என்றார். ஜநிப்பித்தல் என்பது நடந்து முடிந்த ஒரு சம்பவம் அல்ல. சூரியன் இருக்கும்வரை கதிர் பிறந்துகொண்டே இருப்பதுபோல, பிதா இருக்குமட்டும் குமாரன் பிறந்தவராகவே இருக்கிறார். இதை அவர் எழுதிய மூன்றாம் நூற்றாண்டில் யாரும் இதற்காகத் திருச்சபைச் சங்கம் கூட்டவில்லை.

ஓர் எழுத்து கூடினால்

318 வாக்கில் அலெக்சந்திரியாவில் மூப்பர் ஆரியுவுக்கும் பேராயர் அலெக்சாந்தருக்கும் இடையே வெடித்தது ஓரிகேன் விட்டுப்போன இந்த முடிச்சுதான். ஆரியு தரப்பின் புகழ்பெற்ற வாசகம்: "அவர் இல்லாதிருந்தபோது ஒன்று இருந்தது." தமிழில் படிக்க இடறும். கிரேக்கத்திலும் வேண்டுமென்றேதான் இடறுகிறது. 'காலம்' என்ற சொல்லை அவர்கள் கவனமாகத் தவிர்த்தார்கள். காலத்தைப் படைத்தவரே குமாரன் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டதால், "ஒரு காலம் இருந்தது" என்று சொல்ல வழியில்லை. அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் குமாரன் "காலமின்றி ஜநிப்பிக்கப்பட்டவர்" என்றே ஆரியு எழுதுகிறார். இன்றும் பலர் "காலத்துக்கு அப்பாற்பட்ட பிறப்பு" என்று சொன்னால் ஆரியுவை வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தச் சொற்றொடரில் ஆரியுவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சிக்கலின் அடி ஒரு கிரேக்க எழுத்தில் கிடக்கிறது. 'உண்டாகு' என்ற வினையிலிருந்து வருவது கெனேட்டோஸ், உண்டானது. 'பெறு' என்ற வினையிலிருந்து வருவது கென்னேட்டோஸ், பெறப்பட்டது. முதலாவதில் ஒரு 'ந்', இரண்டாவதில் இரண்டு. காதுக்கு வித்தியாசம் மிகக் குறைவு. கைப்பிரதிகளில் ஒன்றின் இடத்தில் மற்றது புகுந்துவிடும். எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் அகெனேட்டோஸ், அகென்னேட்டோஸ். தேவன் ஒருவரே 'உண்டாகாதவர்' என்பது யாருக்கும் சம்மதம். அதையே 'பெறப்படாதவர்' என்று வாசித்துவிட்டால் குமாரன் தேவனாக இருக்கமுடியாது, ஏனெனில் அவர் பெறப்பட்டவர். ஆரியுவின் தர்க்கம் இந்த ஒட்டில்தான் ஓடுகிறது.

325இல் நைசியா செய்தது அந்த ஒட்டைப் பிரித்ததுதான்: ஜநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவரல்ல. கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழில் "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்". இப்படிப் பிரித்தபின் மூன்று கட்டங்கள் கிடைக்கின்றன. பிதா பெறப்படவும் இல்லை, உண்டாகவும் இல்லை. படைப்பு உண்டானது. குமாரன் பெறப்பட்டவர், ஆனால் உண்டானவர் அல்லர். இந்த மூன்றாவது கட்டம் உண்டு என்று காட்டுவதற்குத்தான் நாலாம் நூற்றாண்டின் பேனாக்கள் அத்தனையும் செலவாயின. ஆரியுவை எதிர்த்த அலெக்சந்திரியப் பேராயர் அத்தனாசியு தந்த விளக்கம் எளியது: மனிதன் யோசித்து, தீர்மானித்து வீடு கட்டுகிறான், பிள்ளையைப் பெறுவதோ தன் இயல்பால். வீடு அவனுக்கு வெளியே இருக்கிறது, கட்டாமலும் விட்டிருக்கலாம். பிள்ளை அவன் தன்மையையே உடையது. குமாரன் பிதாவின் சித்தத்தின் விளைவு என்று சொன்னால் அவரை வீட்டின் வரிசையில் வைத்துவிட்டோம்.

எந்தத் தகப்பனும் மகனைவிட மூத்தவன்தானே என்ற கேள்வி அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. தகப்பன் வயதில் மூத்தவன். ஆனால் தகப்பனாக அவன் மகனைவிட ஒரு நாள்கூட மூத்தவன் அல்ல. பிள்ளை வந்த கணத்தில்தான் அவன் தகப்பன் ஆகிறான். இரண்டும் ஒன்றையொன்று சுட்டும் பெயர்கள். தேவன் பிதாவாக 'ஆனவர்' அல்ல, என்றும் பிதாவே என்றால் குமாரனும் என்றும் உண்டு. 'பிதா' என்பது தன்மையின் பெயரும் அல்ல, செயலின் பெயரும் அல்ல, உறவின் பெயர் என்று 380இல் நாசியான்சின் கிரிகோரி வகுத்தது இதைத்தான்.

325 வாசகத்தில் "சகல யுகங்களுக்கும் முன்னே" என்ற சொற்றொடர் கிடையாது. "ஜநிப்பிக்கப்படுமுன் அவர் இல்லை" என்று சொல்பவர்களைச் சபிக்கும் வரி மட்டும் கடைசியில் இருந்தது. இன்று ஆராதனைகளில் சொல்லப்படும் "பிதாவினாலே சகல யுகங்களுக்கும் முன்னே ஜநிப்பிக்கப்பட்டவர்" என்பது 381 கொன்ஸ்தாந்திநோபிள் வடிவத்தினுடையது. 451இல் கல்கேதோன் இரண்டு ஜநிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது: தெய்வத்தன்மையின்படி யுகங்களுக்கு முன் பிதாவினிடத்தில், மனிதத் தன்மையின்படி கடைசி நாட்களில் மரியாளிடத்தில். 553இல் கூடிய சங்கம் தன் இரண்டாம் கானனில் (தீர்மானத்தில்), வார்த்தையாகிய தேவனுக்கு இரண்டு பிறப்புகள் உண்டு என்று அறிக்கையிடாதவரைச் சபித்தது. அங்கே உருவாகும் இலக்கணம் எளிது: பிறப்பு இரண்டு, பிறந்தவர் ஒருவர்.

மார்செல்லஸ்

ஆரியுவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் இன்று "குமாரத்துவம் அவதாரத்தில் தொடங்கியது" என்பவர்களின் உண்மையான முன்னோடி ஆரியு அல்ல, அவருடைய பரம எதிரி. அங்கீராவின் பேராயர் மார்செல்லஸ் நைசியாவில் உட்கார்ந்து ஆரியுவை எதிர்த்தவர், அத்தனாசியுவின் கூட்டாளி. ஆரியு தரப்பின் ஆயுதங்கள் எல்லாம் பிறப்பு, பிம்பம், முதற்பேறு போன்ற சொற்கள் என்று அவர் கண்டார். அந்தச் சொற்களையெல்லாம் மனிதப் பிறப்புக்கு ஒதுக்கிவிட்டால் எதிராளியின் கை வெறுங்கையாகிவிடும் அல்லவா? அவதாரத்துக்கு முன் இருந்தவருக்கு 'வார்த்தை' என்ற ஒரே பெயர்தான் என்றார்.

தந்திரம் கச்சிதம், விலைதான் அதிகம். வார்த்தை என்பது பேசுகிறவரிடமிருந்து பிரித்தறிய முடியாதது. 'குமாரன்' போய்விட்டால் பிதாவுக்கு எதிரே நிற்கும் ஒரு நபரும் கூடவே போய்விடுகிறார். குமாரனும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் என்னும் 1 கொரிந்தியர் 15:28ஐ வைத்து, முடிவில் குமாரனுடைய ராஜ்யமும் முடிந்துவிடும் என்ற இடத்துக்கு மார்செல்லஸ் போய்ச்சேர்ந்தார். 336இல் கொன்ஸ்தாந்திநோபிளில் பதவி நீக்கப்பட்டார். செசரியாவின் எவுசேபியு அவருக்கு எதிராக இரண்டு நூல்கள் எழுதினார். அவருடைய சீடர் சிர்மியத்தின் போட்டினு இன்னும் ஒரு படி போய், கிறிஸ்துவின் முன்னிருப்பையே கைவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். விசுவாசப்பிரமாணத்தில் "அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை" என்ற வரி ஏன் இருக்கிறது என்று யோசித்திருந்தால், காரணம் இந்த மனிதர்.

"இன்று" என்றால் எப்போது

வேத வசனங்களில் அவதாரக் குமாரத்துவத்துக்கு வலுவான ஆதாரங்கள் மூன்று. சங்கீதம் 2:7: "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்." இன்று என்ற சொல் நாளைக் குறிக்கிறது, நித்தியத்தில் நாள் ஏது? இரண்டாவது, எபிரெயர் 1:5இல் மேற்கோளாக வரும் வாக்கு: "நான் அவருக்குப் பிதாவாயிருப்பேன், அவர் எனக்குக் குமாரனாயிருப்பார்." எதிர்காலம். மூன்றாவதுதான் கூர்மையானது, லூக்கா 1:35: பரிசுத்த ஆவி உன்மேல் வரும், உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும், "ஆதலால் உன்னிடத்தில் பிறக்கும் பரிசுத்தமுள்ளது தேவனுடைய குமாரன் என்னப்படும்." அந்த 'ஆதலால்' காரணத்தைச் சொல்லிவிட்டதே என்பார்கள்.

'இன்று' என்பதற்கு ஓரிகேனின் பதில், தேவனுடைய நாளுக்குச் சாயங்காலமும் இல்லை, விடியலும் இல்லை, அவருடைய முழு நித்தியமும் ஒரே இன்று என்பது. அழகான பதில். ஆனால் சங்கீதத்தின் சொந்த மண்ணில் அது வேர்விடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாம் சங்கீதம் ராஜா சிங்காசனம் ஏறும் சங்கீதம். அங்கே 'இன்று' முடிசூட்டும் நாள். பவுல் அப்போஸ்தலர் 13:33இல் அதை உயிர்த்தெழுதலோடு சேர்த்தே பேசுகிறார். நித்திய ஜநிப்பித்தலை இந்த ஒரு வசனத்தின்மேல் கட்டுபவர்கள் மணலில் கட்டுகிறார்கள். அதே காரணத்தால், குமாரத்துவத்தின் தொடக்கத்தை இதே வசனத்தில் கண்டுபிடிப்பவர்களுக்கும் மணல்தான்: உயிர்த்தெழுதலில்தான் குமாரன் ஆனார் என்றால் யோர்தானில் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று கேட்ட சத்தம் என்னாவது? அரியணை ஏறும் நாளில் யாரும் புதிதாய்ப் பிறப்பதில்லை; பிறந்தவனின் உரிமை பகிரங்கமாகிறது. எபிரெயர் 1:5க்கும் இது பொருந்தும். ஐந்தாம் வசனத்துக்குப் போகுமுன் இரண்டாம் வசனமே, குமாரனைக் கொண்டு உலகங்களை உண்டாக்கினார் என்று சொல்லிவிட்டது.

லூக்கா 1:35க்கு அப்படி எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. மரியாளின் வயிற்றில் பிறக்கும் மனிதக் குழந்தைக்கு அந்தப் பெயர் ஏன் பொருந்தும் என்பதற்கு அங்கே காரணம் சொல்லப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதை மொத்தக் காரணமாக எடுத்தால் ஒரு வில்லங்கம் வரும்: கருத்தரிப்பே குமாரத்துவத்தின் மூலம் என்றால், கருவுறச் செய்த பரிசுத்த ஆவியானவர்தான் பிதா ஆகவேண்டும். புதிய ஏற்பாடு ஒரு இடத்திலும் அப்படிப் பேசவில்லை.

நித்திய குமாரத்துவத் தரப்பின் வசனங்களில் அனுப்புதல் வசனங்களே அடிப்படை. "காலம் நிறைவேறினபோது" ஸ்திரீயினிடத்தில் பிறந்த தம்முடைய குமாரனைத் தேவன் அனுப்பினார் என்கிறது கலாத்தியர் 4:4. அனுப்பப்பட்டவர் குமாரன். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ராஜா பிறந்த அறை என்று நாம் சொல்வதில்லையா, பிறந்தபோது அவன் ராஜாவா? பின்னால் வந்த பெயரை முன்னால் ஏற்றிச் சொல்வது மொழியின் பழக்கம். நியாயமான மறுப்புதான், ஒற்றை வசனத்துக்குச் செல்லும். ஆனால் அனுப்புகிறவருக்கும் அனுப்பப்படுகிறவருக்கும் இடையே உலகத்தோற்றத்துக்கு முன்பே இருந்த அன்பைப் பற்றி யோவான் 17:24 பேசும்போது, "பிதாவே" என்ற விளியோடுதான் அந்த அன்பு நினைவுகூரப்படுகிறது. அங்கே பெயரை மட்டும் பிடுங்கிவிட்டு உறவை வைத்துக்கொள்வது கடினம்.

என் கணக்கில், அதிகம் கவனிக்கப்படாத வலுவான வசனம் எபிரெயர் 5:8: "அவர் குமாரனாயிருந்தும்" கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார். முழுக் கனமும் அந்த 'உம்' விகுதியில் இருக்கிறது. குமாரன் என்பது கீழ்ப்படிதலுக்காக ஏற்றுக்கொண்ட பதவியின் பெயர் என்றால், "குமாரனாயிருந்ததால் கற்றுக்கொண்டார்" என்று இருந்திருக்கவேண்டும். 'இருந்தும்' என்கிறபோது, கீழ்ப்படியத் தேவையில்லாத ஓர் உயரத்தை அந்தப் பெயர் குறிக்கிறது.

நீதிமொழிகள் 8ஐயும் விடமுடியாது. ஞானம் பேசும் அந்த அதிகாரத்தின் 22ஆம் வசனம் கிரேக்கத்தில் "கர்த்தர் என்னைச் சிருஷ்டித்தார்" என்று இருந்தது; ஆரியு தரப்பின் தலைமணி. எபிரெயச் சொல்லுக்கு 'உடையவராயிருந்தார், பெற்றுக்கொண்டார்' என்ற பொருளும் உண்டு. தமிழ் வேதாகமம் "கொண்டிருந்தார்" என்று இதையே ஏற்கிறது. கிரேக்கத்தையே நம்பியிருந்த அத்தனாசியு, 22ஆம் வசனம் அவதாரத்தைப் பேசுகிறது என்று சுற்றிவளைத்து விளக்கவேண்டியதாயிற்று. அதே கிரேக்கப் பாடத்தின் 25ஆம் வசனத்தில் வினை நிகழ்காலம்: "என்னை ஜநிப்பிக்கிறார்." ஆரியுவுக்கு 22, நைசியாவுக்கு 25. ஒரே பத்தியில் மூன்றே வசன இடைவெளி.

இரண்டு பக்கமும் எங்கே உடைகிறது

குமாரத்துவத்தை அவதாரத்தில் தொடங்கினால் முதலில் உடைவது பிதாவின் பெயர். குமாரன் இல்லாதபோது பிதாவும் இல்லை. மிஞ்சுவது பெயரற்ற மூவர். மூவரும் எல்லாவற்றிலும் சமம், ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக்காட்ட எதுவும் இல்லை. அப்படியானால் யார் அவதரிப்பது என்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. வேறு எவரும் வந்திருக்கலாம். அப்போது இயேசுவில் நாம் காணும் பிதா–குமாரன் உறவு தேவன் உள்ளபடி இருப்பதைக் காட்டுவதாகாது. மீட்புத் திட்டத்துக்காகப் பங்கிட்டுக்கொண்ட வேடமாகிவிடும். இது கிளார்க் போன்றவர்கள் விரும்பிய முடிவு அல்ல. ஆனால் அவர்கள் போட்ட பாதை அங்கேதான் போகிறது.

நித்திய ஜநிப்பித்தலைக் காப்பவர்களும் பத்திரமாக இல்லை. அதை ஒரு நிகழ்ச்சியாகக் கற்பனை செய்த கணமே முன்–பின் நுழைந்துவிடும், ஆரியுவும் கூடவே நுழைவார். குமாரன் தெய்வத்தன்மையைப் 'பெற்றுக்கொள்கிறார்' என்று அழுத்தினால் அவருடைய தெய்வத்தன்மை இரவலாகத் தோன்றும். இதனால்தான் ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின், குமாரன் நபர் என்றவகையில் பிதாவிடமிருந்து, தேவன் என்றவகையில் தாமாகவே தேவன் என்று பிரித்தார். தேவன் இடைவிடாமல் ஜநிப்பித்துக்கொண்டே இருக்கிறார் என்று கற்பனை செய்வது வீண் என்றும் தம் இறையியல் நூலான இன்ஸ்டிட்யூட்ஸின் 1559 பதிப்பில் எழுதினார். நித்திய ஜநிப்பித்தலை அவர் மறுத்தார் என்று அந்த வரியை மட்டும் பிடுங்கிக் காட்டுபவர்கள் உண்டு. மறுத்தது அதைத் தொடர்வினையாகச் சித்திரிப்பதைத்தான். யோவான் 5:26 இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறது: பிதா தம்மில்தாமே ஜீவனுடையவர், அதுபோலவே குமாரனும் தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கும்படி அருள்செய்தார். 'தம்மில்தாமே' என்பது இரவலை மறுக்கிறது. 'அருள்செய்தார்' என்பது மூலத்தைச் சொல்கிறது. இந்த அருளுதல் அவதாரத்தைப் பற்றியது என்று வாசிப்பவர்களும் உண்டு. அந்த வாசிப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

மீண்டும் மீண்டும்

சீர்திருத்தத்துக்குப் பின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் 1689 பாப்டிஸ்ட் அறிக்கையும் குமாரன் பிதாவினால் நித்தியமாய் ஜநிப்பிக்கப்பட்டவர் என்று எழுதிக்கொண்டன. ஆனாலும் பதினேழாம் நூற்றாண்டு இறுதியிலேயே நெதர்லாந்தில் ஹெர்மன் அலெக்சாந்தர் ரோயல் அதை மறுத்துச் சிக்கலில் மாட்டினார். பெரிய சண்டைகள் பத்தொன்பதில் வந்தன. லூக்கா 1:35க்கு எழுதிய விளக்கத்தில் ஆதாம் கிளார்க், 'நித்திய குமாரன்' என்பது தன்னைத்தானே மறுக்கும் சொல் என்றார்: குமாரன் என்றால் பிறந்தவர், பிறந்தவர் என்றால் தொடக்கமுள்ளவர். மெதடிஸ்டுகளுக்குள்ளேயே ரிச்சர்ட் வாட்சன் 1818இல் பதில் நூல் எழுதினார். அமெரிக்காவில் ஆண்டோவரின் மோசஸ் ஸ்டூவர்ட்டும் பிரின்ஸ்டனின் சாமுவேல் மில்லரும் 1822, 1823இல் ஒருவருக்கொருவர் புத்தக அளவில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்டுகளை இந்தக் கேள்வி இரண்டாகவே பிளந்தது, ஜே. சி. ஃபில்பாட் 1861இல் நித்திய குமாரத்துவத்துக்கு ஆதரவாக எழுதிய நூல் அந்தப் பிளவின் சூட்டில் வந்தது. 1929இல் லண்டனை ஒட்டிய பார்னெட்டில் நடந்த கூட்டங்களில் எக்ஸ்க்ளூசிவ் பிரதரன் என்ற சபைக்குழுவின் தலைவர் ஜேம்ஸ் டெய்லர் நித்திய குமாரத்துவத்தை மறுத்துப் பேசியதும், அந்தக் குழுவில் அது தனிப் போதனையாக நிலைத்தது.

மறுத்த இவர்களில் எவரும் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தைக் குறைக்க விரும்பவில்லை. மாறாக, 'பிறந்தவர்' என்ற சொல் அதைக் குறைத்துவிடுமோ என்ற பயமே அவர்களைத் தள்ளியது. மார்செல்லஸின் அதே பயம்.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்கப் போதகர் ஜான் மக்ஆர்தரின் திருப்பம். 1983இல் வந்த எபிரெயர் விளக்கவுரையில், குமாரன் என்பது அவதாரத்தில் ஏற்ற பெயர் என்று எழுதினார். அதைத் தாங்கியது எபிரெயர் 1:5இன் எதிர்காலமும் சங்கீதத்தின் 'இன்று'ம். 1999இல் அந்த நிலையைக் கைவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தார். ஜநிப்பித்தல் என்றால் தோன்றச்செய்வது என்று மனிதப் பிறப்பிலிருந்து அளந்ததே பிழை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு பிரபல போதகர் தம் அச்சிட்ட கருத்தைத் தாமே திருத்துவது அரிது என்பதால் அந்த அறிவிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு.

மொனோகெனேஸ்

நான்காம் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் பலவீனமாக்கியது தத்துவம் அல்ல, அகராதி. யோவான் 3:16இல் "ஒரேபேறான" என்று நாம் வாசிக்கும் சொல் மொனோகெனேஸ். மொனோ என்றால் ஒரே. மீதி 'பெறு' என்ற வினையிலிருந்து வரவில்லை, 'இனம், வகை' என்று பொருள்படும் கெனோஸிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கெனோஸில் ஒரே 'ந்', பெறுதலில் இரண்டு. மீண்டும் அதே எழுத்து. அப்படியானால் பொருள் 'தனிச்சிறப்பான, ஒப்பற்ற' என்பதே. எபிரெயர் 11:17இல் ஈசாக்கு மொனோகெனேஸ். இஸ்மவேல் இருக்கையில் ஈசாக்கு எப்படி ஒரே பேறு? பெறுதல் உள்ளே வந்தது வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'உனிகெனிட்டுஸ்', ஒரே பேறானவர், என்று போட்டதால்தான் என்றார்கள். நாயீன் ஊர் விதவையின் மகனுக்கு அதே ஜெரோம் 'உனிக்குஸ்', ஒரே மகன், என்று மட்டும் போட்டார் என்பது இதற்குச் சான்று. 1946இல் வந்த ஆர்.எஸ்.வி. (ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) புதிய ஏற்பாட்டிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல, பிறப்பைக் குறிக்கும் பாதியை நீக்கின. 1994இல் வந்த முறைசார் இறையியல் நூலில் அமெரிக்க இறையியலாளர் வேய்ன் குரூடம் இதையே ஏற்று, நித்திய ஜநிப்பித்தல் என்ற சொல்லாட்சியை விட்டுவிடுவதே உதவியாயிருக்கும் என்றார்.

வாதத்தின் பலவீனம் அதன் முதல் படியிலேயே இருந்தது. கெனோஸ் என்ற சொல்லுக்கே அடிப்பொருள் பிறப்பு, வம்சம். வகை என்பது பின்னால் கிளைத்தது. '–கெனேஸ்' என்று முடியும் கிரேக்கச் சொற்களில் பெருந்தொகை 'இன்னாரிடம் பிறந்த, இன்னதிலிருந்து பிறந்த' என்ற பொருளுடையவை. மொனோகெனேஸ் என்ற சொல் சாதாரணமாக நிற்கும் இடமும் உடன்பிறப்பில்லாத பிள்ளையைப் பற்றிய பேச்சுதான். 'ஒப்பற்ற' என்ற பொருள் இல்லாமல் இல்லை. முதலாம் கிளெமெந்து நிருபம் ஃபீனிக்ஸ் பறவையை இந்தச் சொல்லால்தான் வர்ணிக்கிறது. ஆனால் அது விரிவாக்கப் பொருள். ஈசாக்கும் சுதந்தரவாளி என்ற வகையில் ஒரே பேறாக எண்ணப்பட்டவன் என்று கொள்ள இடமுண்டு. ஆய்வாளர் லீ ஐயன்ஸ் 2017இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் இந்தச் சான்றுகளை வரிசைப்படுத்தினார். ஜெரோம்மேல் பழிபோட முடியாதபடி இன்னொரு சான்றும் உண்டு: அவர் பிறக்குமுன்பே, 325 நைசியா வாசகம் மொனோகெனேஸ் என்று எழுதி உடனே அதற்குப் பொருளும் சொல்லிவிட்டது: "அதாவது, பிதாவின் உட்பொருளிலிருந்து." கிரேக்கம் தாய்மொழியானவர்கள் அந்தச் சொல்லில் பிறப்பைக் கேட்டிருக்கிறார்கள்.

2016இல் வேறொரு சண்டை இதைச் சூடாக்கியது. குமாரன் பிதாவுக்கு நித்தியமாய்க் கீழ்ப்பட்டிருக்கிறார் என்று குரூடமும் இன்னொரு இறையியலாளரான புரூஸ் வேரும் போதித்தது சீர்திருத்த வட்டாரங்களில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானது அல்ல. நபர்களைப் பிரித்துக்காட்டும் பிறப்புறவை எடுத்துவிட்டால் அந்த இடத்தை ஏதாவது ஒன்று நிரப்பியாகவேண்டும். அங்கே அதிகாரமும் கீழ்ப்படிதலும் வந்து உட்கார்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் சான் அன்டோனியோவில் நடந்த எவாஞ்சலிக்கல் தியலாஜிக்கல் சொசைட்டி கூட்டத்தில் இருவருமே நித்திய ஜநிப்பித்தலை இப்போது ஏற்பதாகச் சொன்னார்கள். குரூடம் காட்டிய காரணம் மொனோகெனேஸ் பற்றிய புதிய சான்றுகள். கீழ்ப்படிதல் பற்றிய கருத்தை அவர்கள் விடவில்லை.

மொழிபெயர்ப்புகள் இன்னும் ஒரு திசையில் நடக்கவில்லை. 1995 பதிப்பு வரை "ஒரேபேறான" என்று வைத்திருந்த நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பைபிள், 2020இல் யோவான் 3:16ஐ "ஒரே குமாரன்" என்று மாற்றிக்கொண்டது. அதே 1995 பதிப்பை அடித்தளமாக வைத்து 2021இல் வந்த லெகசி ஸ்டாண்டர்ட் பைபிள் "ஒரேபேறான" என்பதை அப்படியே விட்டுவைத்தது. அதைத் தயாரித்தவர்கள் மக்ஆர்தர் நடத்திய கல்லூரியின் ஆசிரியர்கள்.